பள்ளிக்கூட வாசலில் நின்ற என் தம்பிக்கு ஆண்டவர் காட்டிய இடம்

பிரியமானவர்களே, இதை எழுத உட்கார்ந்ததுமே எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் நிறைகிறது. எங்கள் ஜெபத்துக்கு ஆண்டவர் ஒரு பூசணிக்காயைக் கொண்டு பதில் சொன்னார்.

1983 ஜூன் மாதம், சித்தூரில் பள்ளிகள் திறந்த முதல் நாள். என் தம்பி சாமுவேல் வழக்கம்போல வெள்ளைச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் போட்டு, பையோடு புறப்பட்டான். அவனுடைய பத்தாம் வகுப்பு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. சாமு கத்தவில்லை, அழவில்லை. மாலை மணி அடிக்கும்வரை வெயிலில் நின்றுவிட்டு வந்தான். மறுநாளும் போனான். மழை பெய்த நாளிலும் போனான்.

அவனுக்கு ஆட்டிசம் என்று வேலூரில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளிக்கு அனுப்புங்கள் என்றார், அனுப்பினோம். பள்ளி முடிந்த பிறகு என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு நாள் பெரியப்பா வந்து எங்கள் நைனாவிடம், அதாவது அப்பாவிடம், என்னையும் மனதில் வைத்துப் பேசினார். "எத்தினி நாளைக்கு இவன் பின்னாடியே சுத்திக்கினு இருப்பே? மெட்ராஸ்ல ஏதோ ஹோம் இருக்குதாம். கொண்டும்போய் வுட்டுட்டு வா. பொண்ணுக்கும் கல்யாணம் ஆவணும் இல்ல?"

நைனா, "கிறிஸ்மஸ் எங்களோட இருக்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

நான் திருப்பதியில் பாலிடெக்னிக் முடித்து, அங்கேயே எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலையில் இருந்தேன், வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவேன். ஒரு ரேடியோ பாடவில்லை என்றால் பவர், ஃபியூஸ், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவோம். தம்பியின் வாழ்க்கையையும் அப்படித்தான் பார்த்தேன். தையல் கடை: மெஷின் சத்தம் ஆகாது. அச்சகம்: ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். துணிக்கடை: வருகிறவர்களின் முகம் பார்த்துப் பேச வராது. எனக்குத் தெரிந்த வழிகள் அவ்வளவுதான். அதற்கு மேல் படிப்பு உதவவில்லை. முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, காலையில் எழுந்தால் அவன் போவதற்கு ஓர் இடம் வேண்டும். அங்கே கேட் திறந்திருக்க வேண்டும்." அம்மாவும் நானும் இதையே கேட்டுக்கொண்டிருந்தோம். மாதங்கள்தான் போயின.

அக்டோபரில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, விளைச்சலிலிருந்து எல்லாரும் கொண்டுவந்த காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவார்கள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு: ஏலம் எடுத்தவர் பொருளைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பார். மறுபடி ஏலம் நடக்கும். ஒரே தேங்காய் பல கை மாறும், காணிக்கை பெருகும். அந்த வருடம் பொருட்களை எடுத்துக் கொடுக்கச் சாமுவை நிறுத்தினார்கள்.

சபையில் பெரியவரான தேவசகாயம் ஐயா ஒரு பெரிய பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தார். உடனே மேசைக்குத் திருப்பிக் கொடுத்தார். சாமு அதைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் ஐயாவின் மடியில் வைத்தான்.

ஏலம் விட்ட ஜேக்கப் அண்ணன், "டேய் சாமு, அத இங்க கொண்டா. இன்னொரு தபா வுடணும்" என்றார்.

"மூணு தரம் சொல்லிட்ட. ஐயாவுது."

"ஐயாவே குடுத்துட்டாருடா."

"ஐயாவுது."

"இவன நிக்க வெச்சா சபை இன்னிக்கே போண்டிதான்" என்றார் அண்ணன். கோவில் முழுக்கச் சிரிப்பு. பூசணிக்காய் மேசைக்கு வருவதும் ஐயாவின் மடிக்குப் போவதுமாக இருந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தம்பியை வெளியே அழைத்துப் போக நான் எழுந்தேன்.

பின்வரிசையிலிருந்து ராஜம்மா அக்கா குரல் கொடுத்தார். சித்தூர் மார்க்கெட்டில் தக்காளி, மாங்காய் மண்டி நடத்துகிறவர். "அவன உட்டுடு பாப்பா. எம் மண்டிக்கு இப்பிடி ஒரு ஆளுதான் வேணும்."

கேலி என்றே நினைத்தேன். அக்கா வெளியே வந்து விளக்கினார். பலமனேரிலிருந்து தக்காளி மரப்பெட்டிகளில் வரும். ஒவ்வொரு விவசாயியும் தன் பெட்டியில் பெயிண்டால் ஒரு குறி போட்டிருப்பார். சரக்கு விற்றதும் காலிப் பெட்டி அதே ஆளுக்குத் திரும்பிப் போக வேண்டும். "எம் பசங்க கைக்கு வந்தத லாரில ஏத்திடுறானுங்க. எம் பொட்டி எங்கன்னு தினம் சண்ட. இவன் மாத்தி ஏத்துவானா? பூசணிக்காயவே குடுக்க மாட்றான்."

முதல் நாள் லீவு போட்டு நானும் மண்டிக்குக் கூடப் போனேன். லாரி ஹார்ன் கேட்டதும் சாமு காதைப் பொத்திக்கொண்டு மூலையில் சுருண்டுவிட்டான். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அக்கா கேட்டார், "இவனுக்கு இன்னா வேணும், சொல்லு." சொன்னேன்: சத்தம் இல்லாத இடம், ஒரு நேரத்தில் ஒரே வேலை, தொடங்கவும் முடிக்கவும் மணி. மறுநாளே காலிப் பெட்டிகள் பின்பக்கக் கொட்டகைக்குப் போயின. வாசலில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அக்காவே அதை அடிப்பார். சாமு குறி பார்த்து அவரவர் பெட்டியைப் பிரித்து வைத்தான், பெட்டிச் சண்டை நின்றது. கிறிஸ்மஸ் வந்தது, போனது. ஹோமைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நைனா மட்டும் ஜெப நேரத்தில் தேம்பி அழுதார்.

மறு ஜூன் வந்தது. பள்ளி திறக்கும் நாளுக்கு லீவு போட்டு வந்திருந்தேன். எங்களுக்கு உள்ளூரப் பயம். தெருவெல்லாம் காக்கியும் வெள்ளையுமாகப் பிள்ளைகள். முனையில் எல்லாரும் வலப்பக்கம், பள்ளியை நோக்கித் திரும்பினார்கள். சாமு நின்றான். அவர்களைப் பார்த்தான். பிறகு இடப்பக்கம், மார்க்கெட்டை நோக்கி நடந்தான்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். அடுத்த நொடியே, "ஐயோ, துன்னாமயே போறான் பாரு, டிபன எடுத்துக்கினு ஓடுடி" என்று விரட்டினார்.

பிள்ளையின் நாளையை நினைத்துக் கலங்குகிறவர்களே, உங்கள் பிள்ளை எந்த வாசலில் நிற்கிறது என்று ஆண்டவருக்குத் தெரியும். என்ன வேண்டும் என்று விவரமாகக் கேளுங்கள். என் தம்பிக்கு ஓர் இடம் கேட்டேன். அவன் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த இடத்தையே அவர் காட்டினார். சித்தூர் பக்கம் வந்தால் மண்டிக்கு வாருங்கள், சாமுவைப் பாருங்கள். காலிப் பெட்டி எதன்மேலும் உட்கார்ந்துவிடாதீர்கள். அது யாருடையது என்று சொல்லி எழுப்பிவிடுவான்.