முப்பத்திரண்டாம் துளை

வலது கை மறுபடியும் ஏப்ரன் பைக்குள் போய்விட்டது. இடது கையாலேயே கஷ்கொட்டைகளை அள்ளித் தராசில் போடுகிறார் இன்சுக். தென் கொரியாவின் கோங்ஜு சந்தையில் முப்பது வருடமாக இந்தப் பழுப்பு ஓட்டுக் கொட்டைகளைத் தரம் பிரித்து விற்பவர். எதிர்க்கடையில் பூண்டு விற்கும் மல்ஹீ சும்மா விடுவதில்லை.

"பைக்குள்ள என்னக்கா, காதல் கடுதாசியா? நாள் பூரா தடவிக்கிட்டே இருக்கீங்க."

"ஆமா, பதில் எழுதணும். பேனா இருந்தா குடு."

பைக்குள் இருப்பது ஒரே ஒரு கஷ்கொட்டை.

மார்ச்சில் சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தார்கள். யாரும் தேடாத இன்னொன்றும் படத்தில் தெரிந்தது. இடது சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி, முப்பத்திரண்டு மில்லிமீட்டர். ஹார்மோன் பரிசோதனைகளில் குறை இல்லை.

"பெரும்பாலும் சாதுவான கட்டிதாம்மா. நாலு சென்டிமீட்டரத் தாண்டினாதான் புத்துநோய்ப் பயம் கூடும். ஆனா இது என்ன ரகம்னு படத்துல தெளிவா இல்ல. ஆறு மாசம் கழிச்சுப் பாத்துடலாம்" என்றார் டாக்டர்.

பெரும்பாலும் என்றால் மிச்சப் பேர் யார்? கேட்க நினைத்து, கேட்காமல், குனிந்து வணங்கிவிட்டு வந்தார். வீட்டில் கல்லோடு கதையை நிறுத்திக்கொண்டார்.

அன்றே கடையில் துளைத்தகட்டை எடுத்தார். இருபத்தெட்டு, முப்பத்திரண்டு, முப்பத்தாறு, நாற்பது மில்லிமீட்டர் என்று வட்டத் துளைகள். எந்தத் துளையில் விழுகிறதோ அதுவே கொட்டையின் தரம். முப்பத்திரண்டில் உரசிக்கொண்டு விழுந்த ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டார். காய்ந்தால் சுருங்கிவிடும் என்பதால் திங்கட்கிழமைதோறும் புதிதாக ஒன்று.

நாற்பதிலும் விழாத பெரிய ரகத்தைத்தான் முன்னோர் படையலுக்கு எல்லோரும் கேட்பார்கள். முன்வரிசையில் இருந்த அந்தக் கூடை இப்போது அவர் முதுகுக்குப் பின்னால். யாராவது கேட்டால் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுக்கிறார்.

போன வியாழக்கிழமை மறு ஸ்கேனின் முடிவு வந்தது.

"முப்பத்திமூணு காட்டுது. ஒரு மில்லிமீட்டர் அளவெடுக்கறதுலயே வர்ற வித்தியாசம்மா, வளந்ததா எடுத்துக்க மாட்டோம். அடுத்த வருஷம் வாங்க."

இன்சுக் தலையாட்டினார். ஒரு கொட்டை விழுவதும் நிற்பதும் அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் என்பதை டாக்டருக்கு எப்படிச் சொல்வது?

"எங்கக்கா போனீங்க? ரெண்டு பேரு வந்து திரும்பிட்டாங்க" என்றார் மல்ஹீ, அவர் கடைக்கு வந்ததும்.

"பல்லுவலி."

"பல்லுக்கு ஏன் இடுப்பப் புடிச்சுக்கிட்டு வர்றீங்க?"

இன்சுக் பைக்குள் இருந்ததை எடுத்துக் குவியலில் போட்டார். தகட்டை மடியில் வைத்து ஒவ்வொன்றாக முப்பத்திரண்டில் விட்டார். பத்துப் பன்னிரண்டு விழுந்தன. விளிம்பில் சிக்கி நின்ற ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இறங்கவில்லை. அதை ஏப்ரனில் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டார்.