கஞ்சி அண்டாவில் பொங்கிய பால்

எங்கள் லைன் வீட்டு ஓனர் அளவுக்கு மரியாதையாக வீட்டைக் காலி செய்யச் சொன்ன மனிதரை நான் பார்த்ததில்லை. வெள்ளகோவில் பக்கம் தோட்டம் உள்ளவர், மாதம் ஒருமுறை காரில் வருவார். அந்த வைகாசியில் வந்தவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, நான் கொடுத்த மோரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. பசங்க எடத்தைக் குடுத்துப்போடலாம்னு சொல்றாங்க. அடுக்குமாடி கட்டறவங்க வந்து பேசிப்போட்டாங்க. ஆடி கடைசிக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

எனக்கு வந்த கோபத்தில் டம்ளரைப் பிடுங்கியிருப்பேன். அதற்குள் மோர் தீர்ந்துவிட்டது.

உக்கடம் பக்கம், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக ஆறு வாசல், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். அதுதான் எங்கள் லைன் வீடு. மூன்றாவது வாசலில் பதினொரு வருஷம் இருந்தோம். நான் ஜாக்கெட் தைப்பவள். என் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள். வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் அந்த வருஷம் ப்ளஸ் டூ. அதே வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் சூலூர் தாண்டிப் போக வேண்டும் என்றார் புரோக்கர். ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க யார் சூலூருக்கு பஸ் ஏறுவார்கள்? மகள் பப்ளிக் பரீட்சை வருஷத்தில் தினமும் இரண்டு பஸ் மாறுவாளா? இந்தத் தெருக்களுக்குள்ளேயே ஒரு வீடு கிடைத்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவ்வளவுதான் என் கவலை, ஆனால் அது ராத்தூக்கத்தைத் தின்றுவிட்டது.

ஆனி முழுக்கத் தேடினோம். எங்கள் கைக்கு எட்டுகிற வீடெல்லாம் குடோனாக மாறியிருந்தது. ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டோம். நான் பெரிய பக்தை ஒன்றும் இல்லை. ஆனால் முன்னொரு தடவை, மார்கழியில் மாறினால் என்ன என்று வீம்பாக மாறினோம். அந்த வருஷம்தான் வீட்டுக்காரருக்குக் கால் முறிந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு இன்னொரு கால் மிச்சம் இருந்தது, அதைப் பணயம் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

முதலில் கை கொடுத்தது தெருமுனை மாரியம்மன் கோயில் கமிட்டி. எங்கள் ஓனர் வருஷா வருஷம் அங்கே ஒரு நாள் கூழ் ஊற்றுகிறவர். அந்த வருஷமும் ஊற்ற வந்தவரைக் கமிட்டித் தலைவர் ஓரமாகக் கூட்டிப் போனார். "ஏனுங்க, ஆடி மாசம் ஆறு குடும்பத்தை வெளிய அனுப்பிப்போட்டு அம்மனுக்குக் கூழ் ஊத்தினா அம்மன் குடிக்குமுங்களா?" என்று அவர் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. ஓனர் கூழ் அண்டாவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்து, ஆவணி முதல் முகூர்த்தம் வரை இருந்துகொள்ளச் சொன்னார். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை, அதையும் "இல்லீங்க" என்றுதான் சொன்னார்.

நேரம் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. நூலும் லைனிங் துணியும் நான் வாங்குவது பள்ளிவாசல் தெருவில் ஒரு பாய் கடையில். அவர் ஜமாஅத் கமிட்டியிலும் இருக்கிறார். ஒருநாள் நூல்கண்டு எடுத்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் நூலைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "வெள்ளிக்கிழமை வரட்டுமுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்புகள் சொல்வார்கள். சாவிக்கொத்து கிடைத்தது, இன்னாருக்கு ரத்தம் வேண்டும், இப்படி. நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். "லைன் வீட்டுத் தையல்காரம்மா குடும்பத்துக்கு அவசரமா ஒரு வீடு தேவைப்படுது. பக்கத்துலயே இருக்கோணும். தெரிஞ்சவங்க கமிட்டியில சொல்லுங்க" என்று தெரு முழுக்கக் கேட்டது. ஊசி ஒரு தையல் தப்பி ஓடியது.

மானம் போய்விட்டது என்று நேரே கடைக்குப் போனேன். "நான் உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொல்லுவீங்களா? பிச்சையா கேட்டேன்?" என்று கத்தினேன். கடையில் நாலு பேர் நின்றார்கள், அது வேறு. பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோவிச்சுக்காதீங்கம்மா. போன வாரம் என் தம்பிக்கு ரத்தம் வேணும்னு இதே மைக்குலதான் சொன்னோம். ஏழு பேர் வந்தாங்க. அவன் மானம் ஒண்ணும் போகலீங்க, உசுரு வந்துச்சு" என்றார். கோபம் இறங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

மைக்கில் கேட்ட யாரோ கமிட்டியில் சொல்ல, அன்று சாயங்காலமே வீடு கிடைத்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி, ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மெஷின் போட ஜன்னலோரம் கொஞ்சம் இடம். வாடகை எங்களால் ஆகக்கூடியது. ஆனால் ஒரு செருப்பு வியாபாரியும் அதைக் குடோனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தால் உடனே வாருங்கள், ஒரு மாசம் சும்மா பூட்டி வைக்க முடியாது என்று அந்த வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். எனக்கோ ஆடி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று அழுகையே வந்துவிட்டது.

வீட்டைக் காட்டக் கூட வந்திருந்த பாய் சிரித்தார். "ஆடி உங்களுக்குத்தானுங்க, எங்களுக்கு இல்லையே." பள்ளிவாசல் சாமான் அறைக்கு அப்போது கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற அண்டாக்களை எங்கேயாவது வைத்தாக வேண்டும். ஆவணி வரைக்கும் ஜமாஅத் பேரில் அந்த வீட்டை எடுத்து, அண்டாக்களை உள்ளே அடுக்கி, பூட்டுப் போட்டுவிட்டார்கள். பாய் வீட்டம்மா தினமும் சாயங்காலம் போய் ஒரு விளக்கைப் போட்டுவிட்டு வந்தார். செருப்பு வியாபாரி வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

ஆவணி முதல் முகூர்த்தம். ஏழரை மணிக்குள் பால் பொங்க வேண்டும். விடிந்ததும் போய்க் கோலம் போட்டேன். வீட்டுக்காரர் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார். பால் பாக்கெட் இருக்கிறது, மஞ்சள் குங்குமம் இருக்கிறது, பால் காய்ச்சும் பாத்திரம் மட்டும் இல்லை. நானேதான் அதை உடையாமல் இருக்கட்டும் என்று சேலைகளுக்குள் சுற்றி மூட்டையின் அடியில் வைத்திருந்தேன். பித்தளைப் பாத்திரம் எப்படி உடையும் என்று வீட்டுக்காரர் கேட்டார். மூட்டையின் மேலே தையல் மெஷின், அதன்மேல் கட்டில், எல்லாம் ஆட்டோவில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

சமையல்கட்டில் கஞ்சி அண்டாக்கள் வரிசையாக இருந்தன. சின்ன அண்டாவைக் கழுவி எடுத்தேன். ஒத்தாசைக்கு வந்திருந்த, லைன் வீட்டு முதல் வாசல் அக்கா என் கையைப் பிடித்தார். "ஏன் கண்ணு, கறி வெந்த அண்டாவுலயா மொதப் பால்? நான் ஓடிப்போய் ஒண்ணு எடுத்துட்டு வாரேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நோம்பு மாசம் பூரா இதுல காச்சின கஞ்சியத் தூக்குப்போசி நெறைய வாங்கிக் குடிச்சமே அக்கா, அப்ப இது எந்த அண்டா?" என்று சொல்லி, பாலை ஊற்றி அடுப்பையும் பற்றவைத்துவிட்டேன்.

ஊற்றின பிறகுதான் எட்டிப் பார்த்தேன். அரை லிட்டர் பால் அண்டாவின் அடியில் நனைத்த துணி மாதிரி கிடந்தது. இது எந்த ஜென்மத்தில் விளிம்பு வரைக்கும் வரும்? அடுப்பில் ஏற்றிய முதல் பாலைப் பொங்காமல் இறக்குவதா? கால் முறிந்த மார்கழி கண்முன்னால் வந்துவிட்டது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தம் காலையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

முதலில் ஓடியது அக்காதான். தன் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமலே வெட்டி ஊற்றினார். மகள் பால் பூத்துக்கு ஓடினாள். போகிற வழியில் பாயிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு பை நிறையப் பாக்கெட்டோடு வந்தார், பின்னாலேயே அவர் வீட்டம்மாவும் ஒரு சொம்புப் பாலோடு வந்தார். விஷயம் காதில் விழுந்து, அபிஷேகத்துக்கு வந்த பாலில் பாதியைக் கோயில் கமிட்டித் தலைவர் சைக்கிளில் கொண்டுவந்து, "அம்மனுக்கு அப்புறமா வாங்கிக்கலாமுங்க" என்றார். அண்டா நிறைய நிறைய, அந்தச் சின்னச் சமையல்கட்டில் எல்லாரும் குனிந்து பாலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஏழே கால் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பால் திரண்டு எழும்பி, கிழக்குப் பக்கமாக வழிந்து, அடுப்பையே அணைத்துவிட்டது. அக்கா குலவை போட்டார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

தெருவுக்கே டீ போட்டும் பால் மிச்சம் இருந்தது. டம்ளரை நீட்டிக்கொண்டே பாயிடம் கேட்டேன். "ஏனுங்க பாய், மைக்குல சொல்லச் சொல்றீங்களா? தையல்காரம்மாவுக்கு ஊடு கெடச்சிருச்சுன்னு."

அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "வெள்ளிக்கிழமை வரட்டுமுங்க."

அந்த வெள்ளிக்கிழமை மதியம் புது ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். வீடு கிடைத்துவிட்டது, தேடித் தந்தவர்களுக்கு நன்றி என்று மைக்கில் சொன்னார்கள். மூச்சு விடுவதற்குள் அடுத்த அறிவிப்பு வந்தது. பூமார்க்கெட் பக்கம் ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகள், அவர்களுக்கும் வீடு வேண்டும்.

எதிர்ச் சந்தில் ஒரு மாடி வீடு பூட்டியே கிடப்பதை நான் முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டு, அந்த வீட்டு ஓனரைப் பார்க்கக் கிளம்பினேன்.