கேட்கும் கலை: பார்க்க அனுமதி இல்லை

குழாய் கம்பெனியில் பயிற்சி மேலாளராக இருந்தவருக்கு அலுவலகம் வைத்த பட்டப்பேர் ‘அம்புக்குறி’. எதை விளக்கினாலும் ஒரு கட்டம், பக்கத்தில் இன்னொரு கட்டம், நடுவே ஓர் அம்பு. காய்கறி வாங்கி வரச் சொன்னால்கூட ‘இதன் நோக்கம் என்ன?’ என்று ஆரம்பிக்கிற ஆள். மருந்துக்கடை நடத்தும் அவர் மனைவி காதில் அந்தப் பேர் விழுந்தபோது, வைத்தவனுக்கு ஒரு கும்பிடு போடலாம் என்றிருந்தது.

அவருக்கு ஒரு வலைப்பூ உண்டு. ‘கேட்கும் கலை’ என்று தான் எடுத்த வகுப்பின் ஸ்லைடுகளை அந்தப் பதிவுக்குள்ளேயே ஓடவிட ஆசைப்பட்டார். அலுவலகக் கம்ப்யூட்டர்காரர் செய்து தருகிறேன் என்றார், இவர் விடுவாரா? இணைப்பு நிரலைத் தானே நகலெடுத்துப் பதிவில் ஒட்டினார். எல்லாரும் பார்க்கும்படி அனுமதியை மாற்றுங்கள் என்று கம்ப்யூட்டர்காரர் சொன்னதை, கேட்கும் கலையில் கரைகண்டவர் காதில் வாங்கவே இல்லை. இவர் திரையில் ஸ்லைடுகள் ஜோராக ஓடின. தெரிந்தவர் அத்தனை பேருக்கும் இணைப்பை அனுப்பினார்.

பாராட்டு குவிந்தது. ‘ஒவ்வொரு ஸ்லைடும் முத்து’ என்றார் துணை மேலாளர். ‘கண் கலங்கிவிட்டது’ என்றார் கணக்குப் பிரிவில் ஒருவர்; அம்புக்குறிகளைப் பார்த்துக் கலங்க என்ன இருக்கிறது என்று மனைவிக்கு விளங்கவில்லை. அண்ணன் எழுதியதில் ஒரு வரிகூடப் படித்திராத தம்பி, ‘இதைப் பாடமாகவே வைக்கணும்’ என்று எழுதியிருந்தான். சாப்பிடும்போது அவர் ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டினார்.

மறுநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அவளும் திறந்து பார்த்தாள். ஸ்லைடு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெறுங்கட்டம். பார்க்க அனுமதி இல்லை, உரிமையாளரிடம் கேளுங்கள் என்றது. கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் போனிலும் அதே கதைதான். அப்படியானால் முத்தெடுத்தவர்கள் எல்லாரும் எந்தக் கடலில் மூழ்கினார்கள்? அனுமதி கேட்கும் பொத்தானைத் தன் போனில் அமுக்கிவிட்டு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். உன் போன் பழசு என்றார். கடைப்பெண்ணின் போன் புத்தம் புதுசு என்றாள். அப்படியானால் சிக்னல் சரியில்லை என்றார். அவள் சொல்லி முடிக்கும்முன் மூன்றாவது காரணமும் தயாராக இருந்தது.

“ஏங்க, அனுமதி கேட்டா உங்களுக்குத்தானே மெயில் வரும்? அதைக் கொஞ்சம் பாருங்க.”

பார்த்தார். ஒரே ஒரு மெயில் வந்திருந்தது. அனுப்பியவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

திரையை மேலும் கீழும் நகர்த்தித் தேடினார். பிறகு, “தம்பிகூடக் கேக்கலையா?” என்றார்.

“அவருக்கு எதுக்கு? பாக்காமலே புரிஞ்சுபோச்சே.”

குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் முகம் விழுந்த விதத்தைப் பார்த்ததும், மேலே சொல்ல வைத்திருந்த இரண்டு வார்த்தைகளை விழுங்கிவிட்டாள். இனியாவது மனுஷன் அடங்குவார் என்று நினைத்து அடுப்படிக்குப் போனாள்.

தட்டெடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அனுமதியை மாற்றியிருந்தார். ஸ்லைடுகள் இப்போது உலகத்துக்கே திறந்து கிடந்தன. அவரோ பின்னூட்டங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். துணை மேலாளருக்கு எழுதியதை அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்: ‘கூர்ந்து பார்த்தமைக்கு நெஞ்சார்ந்த நன்றி.’

தட்டை மேசையில் சற்றுச் சத்தமாகவே வைத்தாள். அவர் காதில் விழவில்லை.