தண்டபாணி சார் பெயரில் ஒரே மனு, இரண்டு கையெழுத்து

2003 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை 6.40. ஏழுமலை போன் செய்தான். "சார் போயிட்டாருடா." பத்து மணிக்குள் சார் வீட்டு வாசலில் நின்றோம், எங்கள் வகுப்பின் பதினாறு பேரில் பதினான்கு பேர்.

ஐடிஐயில் அவரிடம் ஃபிட்டர் படித்த உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்ற இடங்களில் ஒரே மாணவன் இரண்டு இரும்புத் துண்டுகளையும் அரத்தால் ராவி, ஒன்றுக்குள் ஒன்று பொருத்திக் காட்டுவான். சார் ஒரு துண்டை ஊர்ப் பையனிடமும் மற்றதைக் காலனிப் பையனிடமும் கொடுப்பார். பொருந்தாவிட்டால் இருவருக்கும் மார்க் கிடையாது. எனக்கு ஜோடி கீழ்பென்னாத்தூர் காலனி ஏழுமலை. எங்கள் துண்டுகளைச் சேர்த்து ஜன்னலுக்கு நேராகப் பிடிப்பார். "நடுவுல வெளிச்சம் வருது பாரு. ரெண்டு பேரும் பேசிக்கலையா?"

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்க டவுனுக்கு வந்த என் அப்பா ஒருநாள் பட்டறைக்குள் நுழைந்தார். "என் பையன வேற பெஞ்சுல போடுங்க சார்."

"போட்டுடலாங்க. ஏழுமலை துண்ட நீங்களே ராவிக் குடுத்துடுங்க."

அப்பா பஸ் ஏறினார்.

காரியம் முடிந்த மறுநாள், வேங்கிக்காலில் ஒரு நண்பன் வீட்டு மாடியில், சார் பெயரிலான உதவித்தொகைக்காகக் கூடினோம். விதிகளை நான்தான் டைப் அடித்திருந்தேன்: ஆண்டுதோறும் ஊரில் ஒருவர், காலனியில் ஒருவர். சண்டை வராது என்று கணக்குப் போட்டேன்.

ஏழுமலை தாளைப் படித்தான். "சூப்பர், இன்ஜினியரே. சார் போயி பதினேழு நாளு. அதுக்குள்ள பெஞ்ச பிரிச்சிட்ட."

"வேற எப்படி? சீக்கிரம் சொல்லு, ஆறு மணிக்கு எனக்கு பஸ்."

"ரெண்டு பேரு சேர்ந்து ஒரே மனு போடட்டும். கெடைச்சா ரெண்டு பேருக்கும்."

"எவன்டா சேர்ந்து போடுவான்?"

"நீ போடுவியா? உன் வீட்டு கேட்டுக்கு வெளிய நின்னு கல்யாணப் பத்திரிகை குடுத்தேன். உள்ள வாடான்னு சொல்லல. கல்யாணத்துக்கும் வரல. சார் வந்தாரு. உன்னக் கேட்டாரு. பஸ் லேட்டுன்னு பொய் சொன்னேன். கடைசிப் பந்தி வரைக்கும் சாப்பிடாம உக்காந்திருந்தாரு."

லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நான் லீவு கேட்கவே இல்லை. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு, சாரிடம் போய் இதை ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு வருஷம் இருந்தது. போகவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது கைத்தொழிலை மட்டும்தான். அவர் கொடுத்தது அது மட்டும் இல்லை. இனி செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமைக்குள் புது மனுப் படிவம். இரண்டு பெயர், இரண்டு கையெழுத்து.

2. முதல் வருஷம் ஒருவரும் சேர்ந்து மனு போடாவிட்டாலும் விதியைத் தளர்த்த மாட்டேன்.

3. ஞாயிறு மதியம் காலனியில் ஏழுமலை வீட்டில் சாப்பாடு. அவன் கூப்பிடவில்லை, நானே கேட்டேன். "வந்தா பாக்கலாம்" என்றான்.