ஆர்டிஸின் ஐந்து பழுப்புகள்

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்த வாரமே எங்கள் ஊர்ப் பெண்கள் பழுப்பாகத் தொடங்கிவிடுவார்கள். கோடை முழுக்க ஏரியிலும் வெயிலிலும் கிடந்து வைக்கோலாக வெளுத்த தலைகள் ஒவ்வொன்றாக ஆர்டிஸ் டோலெஃப்சன் வீட்டு கராஜுக்குள் போகும். வெளியே வரும்போது இலையுதிர்காலத்துக்குத் தயாராக இருக்கும். மேப்பிள் மரங்கள்கூட ஆர்டிஸைக் கேட்டுத்தான் நிறம் மாறுகின்றன என்று எங்கள் ஹெக்லண்டில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவர் ஆர்டிஸ்தான்.

ஆர்டிஸ் சர்க்கரை பீட்ரூட் விவசாயி ஒருவரின் ஐந்தாவது மகள். பத்தொன்பது வயதில் மினியாபொலிஸ் போய் முடி வெட்டக் கற்றுக்கொண்டு, பதினோரு மாதத்தில் திரும்பி வந்தார். "அங்க உள்ளவங்க பத்திரிகையைக் காட்டி இந்த மாதிரி வெட்டுங்கிறாங்க. அப்புறம் நான் எதுக்கு?" என்பது அவர் சொல்லும் காரணம். கணவர் ஆர்லோ காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜைக் கடைக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் கண்ணாடியில் பனி சுரண்டினார்; சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டினார். ஆர்லோ போய் ஆறு வருடம் ஆகிறது. கார் இன்னும் வெளியேதான் நிற்கிறது.

கராஜ் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் ஐந்து பழுப்புகள்: காபிக்கொட்டை, இலவங்கப்பட்டை, வெல்லப்பாகு, ஓக் இலை, கரடி. யாருக்கு எது என்பதை முடிவு செய்கிற உரிமை தலைக்குச் சொந்தக்காரிக்குக் கிடையாது.

"உன் கன்னம் ஏற்கெனவே தக்காளி. இலவங்கப்பட்டை போட்டா சூப் ஆயிடும். ஓக் இலை போட்டுக்கோ," என்பார். நரை எட்டிப் பார்ப்பவர்களுக்கு வெல்லப்பாகு, அதுவும் முகத்தை ஒட்டி நான்கு இழையை வெளிச்சமாக விட்டு. "முழுசா இருட்டடிச்சா வயசு குறையாதும்மா. விக்கு வெச்ச மாதிரி இருக்கும்." கரடியை மட்டும் அவர் யாருக்கும் போட்டதில்லை. கேட்டால், "அதுக்குன்னு ஒரு முகம் வேணும். இந்த ஊர்ல இன்னும் பொறக்கல," என்பார்.

இதெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பு. இப்போது எந்தப் பெயரைச் சொல்லி உட்கார்ந்தாலும் எழுந்திருக்கும்போது ஒரே நிறம்தான். குளத்தடி. வீட்டுக்குள் பார்த்தால் பழுப்பு, வெயிலுக்கு வந்தால் பாசி. தபால் நிலையத்து வெர்லா காலையில் கொடியேற்றும்போது கவனித்திருக்கிறேன். அவர் தலையில் ஒரு தவளை உட்கார்ந்தால் இரண்டு நாளைக்கு யாருக்கும் தெரியாது.

யாரும் ஆர்டிஸிடம் சொல்லவில்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் எங்கள் பக்கம் இல்லை. "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். இருப்பதிலேயே கடுமையான வசை அதுதான். அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டை ஆர்டிஸும் அப்படித்தான் கொல்வார். ஆனால் அவருடைய நாற்காலியிலிருந்து எழுந்த ஒருத்தி அதையே சொன்னால், பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டுவார்.

இந்த அக்டோபரில் என் அம்மா ரெனேவுக்கு இரண்டாவது கல்யாணம். மாப்பிள்ளை மாட்டுப் பண்ணை டுவேன். அவர் வீட்டு முற்றத்தில், மேப்பிள் மரத்தடியில், நடுப்பகல் வெயிலில் சனிக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை ஆர்டிஸிடம் தலை.

"அம்மா, பாசி பிடிச்சுப்போய் நிக்கப்போற," என்றேன்.

"மெல்லப் பேசு, மாரென். ஜன்னல் திறந்திருக்கு." ஆர்டிஸ் வீடு எதிர்த்த வீடு.

"பக்கத்து ஊர்ல போய்ப் போட்டுக்கோயேன்."

"நீ பொறந்தப்போ பனிப்புயல். பதினாறு மைல் டிராக்டர்ல வந்து, ஆஸ்பத்திரிக் கட்டில்லயே எனக்குத் தலை அலசி விட்டவடி அவ. இன்னொருத்திகிட்ட தலையைக் கொடுத்துட்டு அவ மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"அப்ப உள்ளதைச் சொல்லிடு."

"என்னன்னு? அவளுக்குத் தொழில் போச்சுன்னா?" அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். "போட்டோவைக் கறுப்பு வெள்ளையில எடுத்துக்கலாம்."

எனக்கும் ஆர்டிஸுக்கும் நடுவில் நெடுநாளாக ஒரு போர் நடக்கிறது. நான் முடி உலர்த்தும் கூண்டுக்குள் ரப்பர் எலி வைத்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கும் நாளுக்கு முந்தின மாலை என் முன்முடியை அரை அங்குலம் கோணலாக வெட்டிவிட்டார். இந்த முறை என் குறி அவருடைய துண்டுகள். பன்னிரண்டு வெள்ளைத் துண்டுகள். சர்ச் மேசைவிரிப்பைவிடத் தன் துண்டு வெள்ளை என்று பாஸ்டர் மனைவியிடமே சொன்னவர் அவர். ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சில் இருந்த நேரத்தில் கொடியிலிருந்து அவற்றை உருவி, ஈஸ்டர் முட்டைக்கு வாங்கிய மஞ்சள் சாயத்தில் முக்கி, வெண்ணெய் நிறமாக்கி, திரும்பக் கொண்டுபோய்க் காயப்போட்டேன்.

திங்கட்கிழமை தெருவே அதிரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை பொறுக்க முடியாமல் கராஜுக்குப் போனேன். நாற்காலியில் வெர்லா. கழுத்தைச் சுற்றி வெண்ணெய் நிறத் துண்டு.

"துண்டெல்லாம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு, ஆர்டிஸ்," என்றார் வெர்லா.

"புது சோப்பு," என்றார் ஆர்டிஸ் பூரிப்பாக. "வெளுப்பு எப்படிப் பளிச்சுன்னு இருக்கு பாரு."

வெர்லா கூரையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. ஒரு கொண்டை ஊசி குறைந்தால்கூடக் கண்டுபிடிப்பவர் ஆர்டிஸ். அவர் வெர்லாவின் தலையில் ஓர் இழையைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் மஞ்சளாத் தூக்குதே," என்று மஞ்சளை அடக்கும் சாம்பல் சாயத்தை இன்னும் கொஞ்சம் கிண்ணத்தில் பிதுக்கினார். அந்த இழையில் மஞ்சளே இல்லை, சாம்பல் கூடிப் பச்சைதான் அடித்தது.

வெர்லா போகும்வரை காத்திருந்தேன். பிறகு எங்கள் வீட்டு வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொண்டுபோய் அவருடைய துண்டுக்குப் பக்கத்தில் விரித்தேன்.

"இதுல எது வெள்ளை?"

"என்னடி விளையாட்டு இது, குட்டிப் பிசாசே?" என்று இரண்டையும் புரட்டினார். "ரெண்டும் வெள்ளைதான். உங்க வீட்டுச் சலவை கொஞ்சம் மட்டம்."

"உங்களோடது மஞ்சள். நான்தான் சாயம் போட்டேன், ஞாயித்துக்கிழமை."

இரண்டு துண்டுகளையும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். முகத்தருகே வைத்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வெயில் அவர் முகத்தில் விழுந்தபோதுதான் கவனித்தேன். கண்ணின் கருமணிக்குள் பால் சிந்திய தேநீர்போல ஒரு கலங்கல். டுவேனின் கிழட்டு நாய்க்கும் அதேதான்.

"எத்தனை நாளா?" என்றார்.

"துண்டா? மூணு நாளா."

"துண்டைக் கேக்கல."

"ரெண்டு வருஷமா. எல்லாரும் கொஞ்சம் பச்சையா இருக்காங்க."

"எல்லாருமா?"

"பாஸ்டர் சம்சாரம் கொஞ்சம் அதிகமா."

ஆர்டிஸ் வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "எதிர்ல வர்ற கார் விளக்கெல்லாம் பூவா விரியுது. கண்ணுல புரைதான்னு ஒரு சந்தேகம் இருந்தது. தலையெல்லாம் மஞ்சளாத் தூக்கினதும் அதாலதான் போல. டாக்டர்கிட்ட போனா கடையை மூடுன்னு சொல்லிடுவாரோன்னு போகல," என்றார். "இத்தனை பேரும் வந்து உக்காந்து, பச்சையாகி, வித்தியாசமா இருக்குன்னு சொல்லிட்டு, மறுபடியும் வந்திருக்காளுங்களே. மடச்சிங்க." மூக்கை மஞ்சள் துண்டிலேயே துடைத்துக்கொண்டார். நான் வெளியே நின்ற காரை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

"உங்கம்மாவை வேற எங்கயாவது போகச் சொல்லு. கடை இன்னியோட சரி."

"அவ போகமாட்டா, ஆர்டிஸ். பாசியாவே நிப்பா. போட்டோவுக்குக் கறுப்பு வெள்ளை பேசி வெச்சிருக்கா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து, பரண்மேல் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்துத் தரச் சொன்னார். அதற்குள் ஊர்த் தலைகள் அத்தனைக்கும் ஒரு சீட்டு, கலவை அளவோடு. அம்மாவின் சீட்டு எட்டு வருடத்துக்கு முந்தையது, கண் நன்றாக இருந்த காலத்தில் எழுதியது.

வியாழக்கிழமை அம்மா உட்கார்ந்ததும் ஆர்டிஸ் மறைக்காமல் விஷயத்தைச் சொன்னார். "இன்னிக்கு உன் பொண்ணுதான் எனக்குக் கண்ணு. வித்தியாசமா இருக்குன்னு மட்டும் சொன்னே, மொட்டை அடிச்சு அனுப்பிடுவேன்."

சமையல் தராசில் சாயத்தை நிறுத்தார். கண்ணால் பார்த்துச் சேர்ப்பது கிடையாது, சீட்டில் உள்ளது மட்டும். இரண்டு முறை அவர் கை தானாகச் சாம்பல் சாயத்தின் பக்கம் போனது. இரண்டாவது முறை அதை எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இருபது நிமிடம் கழித்து இழையைத் தூக்கிப் பிடித்து, "என்ன நிறம்? சொல்லு," என்றார்.

"ஈர மண்ணு."

ஐந்து நிமிடம் போனது. "இப்போ?"

"டுவேன் வீட்டுக் குதிரை."

"எது? கிழடா, குட்டி போட்டதா?"

"குட்டி போட்டது."

"அலசு."

அம்மா வாசலில் வெயிலில் நின்றாள். பச்சை இல்லை. ஆழமான பழுப்பு, சிவந்த மேப்பிளுக்கு முன்னால் நின்றாலும் எடுபடுகிற மாதிரி, முகத்தின் இரண்டு பக்கமும் செம்பு நிறத்தில் ஒவ்வோர் இழை. அம்மா கைக்கண்ணாடியில் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"இடது பக்கத்து இழை தடிச்சிருக்கு, ஆர்டிஸ்."

ஹெக்லண்டில் ஒருத்தி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆர்டிஸ் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்க் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "ரெண்டு கண்ணும். இல்லம்மா, ஜனவரி வரைக்கும் தாங்காது. இது பழுப்பு சீசன்," என்று சொல்வது வாசல்வரை கேட்டது.

யாரோ வராமல் போன இடத்தில், நவம்பர் முதல் வாரம் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. அந்தச் சனிக்கிழமை சர்ச் கீழ்த்தளத்தில் இறைச்சி உருண்டை விருந்து. கறுப்புக் கண்ணாடியோடு வந்த ஆர்டிஸ், படியிறங்கியதும் அதைக் கழற்றினார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் முப்பது தலைகள் தட்டுகளின் மேல் குனிந்திருந்தன. அந்த வெளிச்சமும் வெயில் மாதிரிதான், பாசியை மறைக்காது.

"தேவனே," என்றார் மெதுவாக.

கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒரு காகித நாப்கினையும் எடுத்துக்கொண்டு முதல் மேசைக்குப் போனார். "வெர்லா, செவ்வாய், ஒன்பது மணி."

"எனக்கென்ன ஆர்டிஸ், நல்லாத்தானே இருக்கு."

"வாயைத் திறக்காதே. ஒன்பது மணி." அடுத்த மேசை, அதற்கடுத்த மேசை. கடைசியில் பாஸ்டர் மனைவியின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முடியைக் கையில் ஏந்திக்கொண்டார். "உனக்கு நாளைக்கே."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே."

"தெரியும். காலையில ஆறு மணிக்கு வா. கர்த்தர் பார்க்கறதுக்கு முன்னாடி முடிச்சிடலாம்."