குதிரைத் திருடனுக்கு எட்டுப் பக்கம்

எண்ணூறு பேர் இருக்கிற ஊருக்கு வரலாறாம்! கல்கத்தாவின் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் ஒரு லோக்கல் ரயில் நின்றால் இறங்குகிற கூட்டம் அதைவிட அதிகம். அந்த அமெரிக்கப் பட்டிக்காட்டின் பெயர் ப்ளம் ஹாலோ. அதன் நூற்றைம்பதாவது ஆண்டு மலருக்காகப் பழைய டயரி, செய்தித்தாள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி அனுப்புவார்கள். அதைப் படித்து டைப் அடிப்பவன் ராஜ்மோகன், பாலிகஞ்ச் ஆபீஸ் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு.

"சீ, இதெல்லாம் ஒரு வரலாறா? எவன் வீட்டுப் பன்னியோ கெணத்துல விழுந்ததை மூணு பக்கம் எழுதி வெச்சிருக்கான்" என்பான் மனைவி மங்கையர்க்கரசியிடம்.

"அப்புறம் ஏன் அதுல உங்க பேரு வரணும்னு துடிக்கிறீங்க?"

துடிக்கத்தான் செய்தான். மலரைத் தொகுக்கும் டோரதி அம்மாள், நன்றிப் பக்கத்தில் அவன் பேர் போடுவதாக எழுதியிருந்தாள். கரியாஹாட்டில் இட்லிக் கடை நடத்தும் மச்சினன் குருபிரசாத், "அத்தான் டைப் அடிக்கிறார்" என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். மாவாட்டுகிறவனுக்கு அவ்வளவு இளக்காரம்! அவன் மூஞ்சியில் அந்தப் பேரைக் காட்ட வேண்டும்.

கடைசியாக அனுப்பிய ஸ்கேன்களில் வந்து சேர்ந்தான் எஸ்ரா பிங்க். பதினொரு குதிரைகளைத் திருடிக்கொண்டு ஓடி வந்து அந்த ஊரை உண்டாக்கியவன். ராஜ்மோகனுக்குக் கூசியது. எழவு வீட்டில் எதிரிகூட "நல்ல மனுஷன்" என்றுதானே சொல்லுவான்? விழா மலர் எப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா! தமிழ்ச் சங்க மலரில், சங்கத்துப் பக்கமே தலைவைக்காத தலைவர்கூட "அயராத உழைப்பாளி"தான். டோரதியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குதிரைகள் வருகிற பக்கங்களை மொத்தமாக வெட்டினான். திருடன் என்ற இடத்தில் "கொடை வள்ளல்" என்று அடித்தான்.

"நாகரிகம் தெரியாத ஜென்மங்க. நான்தான் மானத்தைக் காப்பாத்தினேன்" என்று பீற்றிக்கொண்டான்.

நாலாம் நாள் டோரதியின் மெயில் வந்தது. எங்கள் எஸ்ராவை என்ன செய்தாய்? வருஷா வருஷம் எங்கள் ஊரில் குதிரைத் திருடன் திருவிழா. பள்ளிப் பிள்ளைகள் முகமூடி கட்டிக்கொண்டு மரக்குதிரையோடு ஓடுவார்கள். ஊர் வாசலில் அவன் சிலை நிற்கிறது. நீ விட்டதையெல்லாம் நாங்களே அடித்துக்கொள்கிறோம்.

சிலையாம்! திருடனுக்கு! ராஜ்மோகன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் நன்றிப் பக்கத்தில் பேர் இருக்கும் என்றே நம்பினான். வாக்குக் கொடுத்திருக்கிறாளே.

மூன்று மாதம் கழித்துப் புத்தகம் கூரியரில் வந்தது, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குருபிரசாத் சாப்பிட வந்திருந்தபோது. உறையைக் கிழித்தவனே அவன்தான். நன்றிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தான். தீயணைப்புக்காரர்கள், கேக் சுட்ட பெண்கள், பழைய காகிதங்களை எலி தின்னாமல் காத்த பிஸ்கட் என்கிற பூனை.

"பூனை இருக்கு அத்தான். உங்களைத்தான் காணோம்."

ராஜ்மோகன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குருபிரசாத் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான்.

"அடேயப்பா, பதினொரு குதிரையா! பலே ஆளு! எட்டுப் பக்கம் போட்டிருக்கான். இதைக் கடைக்குக் கொண்டுபோறேன், எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும்."

"குரு," என்றான் ராஜ்மோகன், குரல் இறங்கிப்போய். "டைப் அடிச்சது நான்தான்னு சொல்லு."

மங்கையர்க்கரசி ரசத்தை ஊற்றினாள்.

"அந்த எட்டுப் பக்கத்தை மட்டும் நீங்க அடிக்கலையே" என்றாள்.