அரண்மனையில் ஏற்றிய கற்பூரம்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். தஞ்சாவூர் அரண்மனையைப் பற்றி எழுதும் அளவுக்கு எனக்கு வரலாறு தெரியாது. அந்த அரண்மனையில் பாதியை நான் பார்க்கவும் இல்லை. அதற்குக் காரணம் என் அத்தை.

அப்போது எனக்குப் பத்து வயது. திருவொற்றியூர்க் கடலோரத்தில் எங்கள் குப்பம். கடல் சரியில்லாமல் கட்டுமரங்கள் கரையில் கிடந்த ஒரு வாரத்தில், குப்பத்து ஆட்கள் சேர்ந்து ஒரு பஸ் பேசினார்கள். ராத்திரியே கிளம்பி, மறுநாள் தஞ்சாவூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அன்றே திரும்புவதாகத் திட்டம்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு கடலுக்குப் போன மாமா, அத்தையின் புருஷன், திரும்பவில்லை. அவருடைய கட்டுமரம் மட்டும் எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கியது. பெரியவர்கள் வந்து பொட்டை அழிக்கச் சொன்னபோது, "உடம்பக் காட்டு, அழிக்கிறேன்" என்று சொல்லி அத்தை கதவைச் சாத்திக்கொண்டாளாம். அந்தக் குங்குமப் பொட்டோடுதான் பஸ்ஸிலும் ஏறினாள். பெண்கள் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன், ஜன்னல் ஓரம் கிடைத்தது.

தஞ்சாவூரில் ஒரு வழிகாட்டி வந்து சேர்ந்துகொண்டார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்.

"சத்தம் போடாம வரிசையா வாங்க. இது மீன் மார்க்கெட் இல்ல, அரண்மனை."

கடலில் யாருக்கும் அடங்காத என் நைனாகூடத் தலையாட்டினார்.

முதலில் எங்களை ஒரு கோபுரம் போன்ற கட்டடத்தில் படியேற்றினார். மேலே ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு கிடந்தது. ராஜாவின் சாமான்களைப் பார்க்கப் போன இடத்தில் எங்கள் கடல் எங்களுக்கு முன்னால் வந்து படுத்திருந்தது.

"தரங்கம்பாடிப் பக்கம் செத்து ஒதுங்கினது," என்றார் வழிகாட்டி.

"பொதைக்கலயா?" என்று கேட்டாள் அத்தை.

"புதைச்சுட்டா நீங்க எப்படிம்மா பாக்கிறது?"

எங்கள் குப்பத்தில் பெரிய மீன் செத்து ஒதுங்கினால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, மணலில் புதைப்போம். அதன் பிறகுதான் கடலுக்குப் போவார்கள். பெரிய கோயிலுக்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த கற்பூரத்தை அத்தை அவிழ்த்தாள். எலும்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, இது கோயில் இல்லம்மா!" என்று கத்தினார் வழிகாட்டி.

"தெரியும் சார். கோயில்ல கீறவருக்கு தெனிக்கும் காட்ட ஆள் கீது. இதுக்கு யார் கீறா?"

காவலாளி விசில் ஊதிக்கொண்டு படியேறி வந்தார். எங்கள் ஆட்களே பதறினார்கள். "யக்கா, வேணாங்கா. ஒன்னால எல்லாருக்கும் பேஜாரு. வெளிய தள்ளிடுவான்."

"தள்ளட்டும்."

காற்றில் இரண்டு தீக்குச்சிகள் அணைந்தன. மூன்றாவதை எடுத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். "டேய், கைய குடு."

பள்ளியில் பெயரைக் கூப்பிட்டாலே எழுந்து நிற்கக் கூசுகிறவன் நான். அத்தனை பேரும் பார்க்கிறார்கள். நைனா கண்ணாலேயே வேண்டாம் என்றார். ஏன் போனேன் என்று இன்றும் தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளாலும் காற்றை மறைத்தேன். கற்பூரம் பற்றிக்கொண்டது.

காவலாளி என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் கையை எடுக்கவில்லை.

"எரிஞ்சி முடியட்டும் சார். முடிஞ்சதும் நாங்களே பூடுவோம்," என்றாள் அத்தை. குரலை உயர்த்தவே இல்லை.

எரிந்து முடிந்தது. மன்னிப்புக் கேட்டால் தர்பார் மண்டபத்தைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் இரண்டு பேரும் வெளியே போக வேண்டும் என்றார் வழிகாட்டி. அத்தை கரி படிந்த தரையை முந்தானையால் துடைத்தாள்.

"இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லு சார், கேக்குறேன்."

அவர் படிக்கட்டைக் கைகாட்டினார். அவள் மன்னிப்புக் கேட்காமலே இறங்கினாள்.

மற்றவர்கள் தர்பார் பார்க்கப் போனார்கள். நானும் அத்தையும் பஸ்ஸில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். ஜன்னல் வழியாக மதில் சுவர் மட்டும் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. எந்தக் கரைல ஒதுங்குனாலும் யாராச்சும் ஒருத்தர் செய்யணும்டா," என்றாள் அத்தை.

மீனைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த மீன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.